மழைக்குத் தாங்கும் நத்தார் அலங்காரம்: வீட்டிலேயே செய்ய வழி சொல்லுங்கள்

கல்லடி வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில், கல்லடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இந்த நத்தாருக்குக் கடையில் தொங்கும் மினுக்குச் சாமான் ஒன்றும் வாங்குவதில்லை, எல்லாவற்றையும் நாங்களே செய்வோம் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் யோசனை வருகிறது.

இணையத்தில் தேடினால் பைன் காய், கம்பளி நூல், காயவைத்த தோடம்பழ வில்லை, உப்பு மாவில் செய்த பொம்மை என்று காட்டுகிறார்கள். பைன் காய் பொறுக்க நான் நுவரெலியாவுக்கா போவது? அதுவும் போகட்டும். எனக்கு உண்மையான தலையிடி மழை. போன மார்கழியில் கலர்த்தாளில் சங்கிலி ஒட்டி ஹோல் முழுக்கக் கட்டினோம். மழை விடாமல் பிடித்ததும் தாள் தொய்ந்து, பசை விட்டு, ஒவ்வொரு வளையமாகக் கழன்று விழுந்தது. மிஞ்சியதைக் கரப்பான் தின்றது. சிவப்புத் தாளின் சாயம் சுவரில் இறங்கியதைப் பார்த்த வீட்டுக்காரர், இனிமேல் ஆணியும் அடிக்கக்கூடாது, ரேப்பும் ஒட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, புதுப் பெயின்ற்.

ஆகவே எனக்கு வேண்டியது: நம்முடைய மழைக்குத் தாங்குகிற சாமான், சுவரைத் தொடாமல் தொங்கவிட ஒரு வழி, வாசலுக்கு ஒரு பெரிய நட்சத்திர வெள்ளி. பிள்ளைகளின் கையால் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும். நான் செய்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் வாக்கு வாக்காகாது.

கல்முனைக்காரன்:

அக்கா, கோபிக்காதீங்க. கல்முனைப் பஜாரில் ஒருமுறை பிளாஸ்ரிக் மாலை வாங்கினால் ஐந்து வருடத்துக்குப் பார்க்கத் தேவையில்லை. பசை, கத்தரிக்கோல், ரிசு பேப்பர் என்று கணக்குப் பார்த்தால் கையால் செய்வதுதான் கூடச் செலவு. பிள்ளைகளுக்கு அந்தக் காசுக்குக் கேக் வாங்கிக் கொடுங்கள்.

தாண்டவன்வெளி ரீச்சர்:

தம்பி சொல்வதில் பாதி சரி. கடைக்குப் போய் பிரிஸ்டல் போட், மினுக்குத் தூள், கலர்ப் பசை என்று வாங்கி வந்து "கையால் செய்தேன்" என்றால் செலவு கூடத்தான் செய்யும். வீட்டில் கிடப்பதிலும் வளவில் விழுவதிலும் செய்தால் கணக்கு மாறும்.

பிள்ளை, நான் சித்திரப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு வருடமும் வகுப்பறையில் தாள் அலங்காரம் தொய்வதைப் பார்த்துப் பழகிய கண். மட்டக்களப்புக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிறது. காற்றிலேயே ஈரம் நிற்கும். அந்த இணையப் படங்களெல்லாம் குளிர்நாட்டில், அடுப்பு மூட்டிக் காய்ந்த அறைக்குள் எடுத்தவை. அங்கே தோடம்பழ வில்லை கண்ணாடி மாதிரிக் காயும். இங்கே நாலாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். உப்பு மாவும் அப்படித்தான். இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர் என்பது எல்லா நாட்டிலும் ஒரே அளவுதான். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். போறணையில் கல்லாகச் சுட்டு எடுத்தாலும், வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசாவிட்டால் மழை தொடங்கியதும் வியர்த்து, நூல் கோத்த துவாரம் பிய்ந்து கீழே விழும். ஆறு வயதுப் பிள்ளை செய்த ஆட்டுக்குட்டி விழுந்து தலை உடைந்தால் அந்த அழுகையை யார் ஆற்றுவது? உப்பு மாவை விட்டுவிடுங்கள். பஞ்சை ஒட்டிப் பனி காட்டுவதும் வேண்டாம். ஈரம் குடித்து மஞ்சளாகிவிடும்.

முதலில் ஓலை. தென்னங்குருத்தோலையைச் சொல்லவில்லை. அது கோயில் திருவிழாவுக்கு அழகு, இரண்டு நாளில் பழுத்துவிடும். பனங்குருத்தோலையை வெயிலில் வெளுக்கக் காயவைத்தது வேண்டும். இந்த மழையில் நீங்கள் காயவைக்க முடியாது. சந்தையில் பெட்டி, நீத்துப்பெட்டி விற்கும் அம்மாமாரிடம் கேட்டால் காய்ந்த சார்வோலை வைத்திருப்பார்கள். ஒரு கட்டு வாங்கினால் வீடு முழுக்கப் போதும்.

அந்த ஓலையில் நான்கு கீற்றுப் பின்னி ஒரு வெள்ளி செய்யலாம். ஜேர்மனியில் இதைத் தாளில் செய்வார்கள். பாலர் பாடசாலை என்ற முறையைத் தொடங்கிவைத்த புரோபலின் பெயரால் அதைப் புரோபல் வெள்ளி என்பார்கள். தாளில் செய்தால் இங்கே தொய்யும், ஓலையில் செய்தால் விறைப்பாக நிற்கும். ஒரு சென்ரிமீற்றர் அகலம், முப்பது சென்ரிமீற்றர் நீளத்தில் நான்கு கீற்று வார்ந்துகொள்ளுங்கள். ஈரத்துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். வறண்ட ஓலையை மடித்தால் மடிப்பில் நார் நாராக வெடிக்கும். பதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஓரத்தை விரலில் சுற்றிப் பாருங்கள். சத்தம் வராமல் சுருண்டால் சரி. பளபளப்பான பக்கம் வெளியே வரும்படி ஒவ்வொரு கீற்றையும் நடுவில் இரண்டாக மடியுங்கள். ஒன்றின் இரண்டு காலுக்கும் நடுவே அடுத்ததை நுழைத்து, நான்காவதை முதலாவதற்குள் விட்டு இழுத்தால் நடுவில் சின்னச் சதுரம் இறுகும். சின்ன வயதில் ஓலைப்பந்து பின்னியவர்களுக்குக் கை தானே போகும். அதற்குப் பிறகு மேலே உள்ள நான்கு காலை மடித்து ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி, மிஞ்சும் எட்டு நுனிகளையும் முக்கோணமாக மடித்து அதே சதுரத்தின் மடிப்புக்குள் விட்டுவிட வேண்டும். பசை இல்லை, ஊசி இல்லை. கரப்பானுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை. மகளுக்கு இது சரிவரும். முக்கோணம் மடிக்கும் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருந்து கொடுங்கள். செய்து முடித்ததை ஒரு கனமான புத்தகத்தின் கீழ் இரவு முழுக்க வைத்தால் மடிப்புப் படியும்.

மகனுக்கு யோகட் கப். கழுவிக் கவிழ்த்தால் அதுவே மணி. அடியில் துவாரம் போடுவது உங்கள் வேலை, ஆணியைச் சுடவைத்துக் குத்துங்கள். மேலே ஒட்டப் பால்மா பக்கற்றைப் பிரித்தால் உட்பக்கம் வெள்ளி நிறமாக மினுங்கும். கடையில் விற்கும் மினுக்குத்தாளை விட அது நல்லது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பிரித்தவுடன் வெட்டாதீர்கள். பால்மாவின் கொழுப்பு மெல்லிய படையாக ஒட்டியிருக்கும். சவர்க்காரம் போட்டு இளஞ்சுடு தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் ரேப்பும் பிடிக்காது, எறும்பு வரிசையும் மணிக்குள் குடியேறும். ஒரு விரல் அகலத்துக்கு வார்ந்து, இரட்டைப்பக்க ரேப்பால் கப்பைச் சுற்றி ஒட்டலாம். நாக்குக்கு ஒரு ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) துண்டோ பெரிய பாசிமணியோ கட்டினால் காற்றுக்கு "டொக் டொக்" என்று ஒரு சத்தம் வரும். மணிச் சத்தம் வராது, முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

தொங்கவிடத் தங்கூசி, அதுதான் மீன்பிடிக்கிற நைலோன் நூல். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் மெல்லியதாகக் கேளுங்கள். எதிரெதிர் யன்னல் கம்பிகளுக்கு இடையே இழுத்துக் கட்டினால் கண்ணுக்குத் தெரியாது, மணியும் வெள்ளியும் அந்தரத்தில் நிற்கும். சுவரில் ஒன்றும் படாது. ஆள் நடக்கும் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். இருட்டில் கழுத்தில் பட்டால் வெட்டிவிடும். முடிச்சு வழுக்கும் சாதி, மூன்று சுற்றுப் போட்டுத்தான் இறுக்க வேண்டும்.

வாசல் வெள்ளியைப் பிறகு எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

மருதமுனைத் தறி:

சலாம். எனக்கு நத்தார் இல்லை, ஆனால் பிள்ளைகளின் வேலை என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டில் கைத்தறி. ஒரு பாவு (தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல்) நெய்து முடிகிற இடத்தில் கடைசி முழத்தை நெய்ய முடியாது, அந்த நூல் தறியிலேயே மிஞ்சும். அதை வெட்டி மூட்டையாகக் கட்டி வைப்போம், பிறகு மெத்தைக்கோ துடைக்கிறதுக்கோ போகும். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் இருக்கும். கம்பளி நூலைத் தேடத் தேவையில்லை தங்கச்சி.

என் மகள் அதில் குஞ்சம் கட்டுவாள். சின்ன அட்டைத் துண்டில் முப்பது, நாற்பது சுற்றுச் சுற்றி, மேலே ஒரு நூலால் முடிந்து, கீழே வெட்டிவிட்டால் குஞ்சம். அட்டை வட்டத்தில் நடுவே ஓட்டை போட்டுச் சுற்றி, ஓரத்தைச் சுற்றிவர வெட்டி நடுவில் இறுக்கிக் கட்டினால் பந்து. ஆறு வயதுக்கும் ஆகும், வெட்டுவது மட்டும் நீங்கள். சாயம் ஒருக்காலும் போகாது என்று சத்தியம் செய்யமாட்டேன். கடும் சிவப்பை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கட்டுங்கள். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், வீட்டுக்காரர் மறுபடி வருவார்.

சொறிக்கல்முனைப் பொடியன்:

குடிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே! எங்கள் ஊரில் நத்தார் என்றால் முதல் வேலை பாலன் குடில்தான். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிற்பாட்டி முதன்முதல் குடில் வைத்தார் என்று மறைக்கல்வியில் படித்தோம். எங்களுக்கு மாட்டுக்கும் குறைவில்லை, வைக்கோலுக்கும் குறைவில்லை.

அக்கா, சிரட்டையிலும் ரின்பால் பேணியிலும் நெல் முளைக்கப் போடுங்கள். நெல்லை ஒரு இரவு ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, முளை வெடித்ததும் மண் நிரப்பிய சிரட்டையில் நெருக்கமாகப் போட வேண்டும். டிசம்பர் 13, 14 அளவில் போட்டால் 24ஆம் திகதி இரவுக்கு ஒரு சாண் வராவிட்டாலும் நாலு விரல் உயரம் பச்சையாக நிற்கும். முந்தியே போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும். குரோஷியா, ஹங்கேரிப் பக்கத்தில் இதே மாதிரி 13ஆம் திகதி, லூசியா அம்மாளின் திருநாளில், கோதுமை போடுவார்களாம். நமக்கு வயல் முழுக்கப் பெரும்போகம் பச்சையாக நிற்கிற மாதம், குடிலிலும் அதே பச்சை வந்தால் பொருத்தம். மழையில் வாடாது என்பதும் ஒன்று. பயறு போடாதீர்கள், வெளிறி நீண்டு பேய் மாதிரி நிற்கும்.

மரத்துக்குச் சவுக்கு. கடற்கரையில் ஒரு கொப்பு வெட்டினால் போதும்.

தாண்டவன்வெளி ரீச்சர்:

மகன், நெல் சொன்னதற்கு நன்றி, அது எனக்கு வரவில்லை. ஆனால் கடற்கரைச் சவுக்கை வெட்டச் சொல்லாதே. அது சுனாமிக்குப் பிறகு காற்றுக்கும் அலைக்கும் மறிப்பாக நட்டது. ஆளுக்கொரு கொப்பு என்று வெட்டினால் பத்து நத்தாரில் மொட்டையாகும். இந்த மாதத்துக் காற்றுக்குக் கொப்புகள் தானே முறிந்து கிடக்கும், அதைப் பொறுக்கலாம். வாளியில் ஈர மணல் போட்டு நட்டால் பெருநாள் முடியும்வரை பச்சையாக நிற்கும். கீழே கொட்டுவதைப் பெருக்கத்தான் வேண்டும். சவுக்கங்காயையும் பொறுக்குங்கள். பைன் காய் தேடிய பிள்ளைக்கு அதுதான் பைன் காய், அளவில் மட்டும் சின்னது. வெயில் வந்த நேரத்தில் காயவைத்தால் வாய் திறக்கும், தங்கூசியில் கோத்து மாலையாக்கலாம்.

இனி வெள்ளி. இரண்டு அடி நீளத்தில் பத்து மூங்கில் சீவல் வேண்டும். ஒரே தடிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளி ஒரு பக்கம் நெளியும். ஐந்து சீவலைத் தரையில் வைத்து, கையை எடுக்காமல் கோடு கீறும் ஐந்து முனை வெள்ளி மாதிரி அடுக்கி, ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்து, ஐந்து முனையையும் நூலால் கட்டுங்கள். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே சீவல்கள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் நாலு அங்குலக் குச்சி ஒவ்வொன்றை இரண்டு சட்டத்துக்கும் நடுவே நிறுத்திக் கட்டினால், தட்டையாகக் கிடந்தது வயிறு வைத்து எழும்பும். அந்த இடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். பெரியவர் ஒருவர் சட்டத்தை விரித்துப் பிடித்தால், கட்டுவதை ஒன்பது வயது செய்யும்.

மேலே ரிசு பேப்பர் ஒட்டிவிட்டு, அதற்கு மேல் கொப்பிக்கு உறை போடும் தெளிவான பொலித்தீனைச் சுற்றி ஒட்டுங்கள். ஈரம் தாளுக்குப் போகாது. தாளில் தேங்காய் எண்ணெய் பூசினால் தண்ணீர் பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். ஒளி அழகாகத்தான் விழும், ஆனால் எறும்பும் தூசியும் சேர்ந்து ஒரு வாரத்தில் அசிங்கமாகும். எனக்குப் பிடிக்காது. ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை காய்ச்சுவதென்றால், பழைய ஆட்கள் பூச்சி வராமலிருக்கத் துரிசு போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். கடைக் கம் ஒரு போத்தல் வாங்குங்கள். கீழ்முனையின் பக்கத்தை ஒட்டாமல் விட்டால் பல்ப்பும் போகும், சூடும் வெளியேறும், தப்பித் தவறி உள்ளே போன தண்ணீரும் வடியும்.

கல்லடி வாசி:

ரீச்சர், வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் சார்வோலை எங்கே என்று கேட்டுவிட்டாள். மிக்க நன்றி. வீட்டில் பழைய குண்டு பல்ப் ஒன்று இருக்கிறது, 40 வாற். அதை வெள்ளிக்குள் போடலாமா? வாசல் தாவாரத்தில் சாரல் அடிக்கும், அதுதான் பயம்.

மருதமுனை நானா, நூல் எங்கே வந்து வாங்கலாம்?

வயரிங் அண்ணன், மட்டுநகர்:

குண்டு பல்ப் வேண்டாம் தங்கச்சி. அது எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும், ரிசு பேப்பரும் பொலித்தீனும் பக்கத்தில் இருக்கிறது. எல்.ஈ.டி. 5 வாற் போதும், அதுவும் தாளில் முட்டாமல் நடுவில் தொங்க வேண்டும். வயர் மேலிருந்து நேரே ஹோல்டருக்குள் இறங்கினால் மழைத் தண்ணீரும் வயர் வழியே இறங்கும். ஹோல்டருக்குக் கொஞ்சம் முன்னால் வயரைக் கீழே தொய்யவிட்டு மறுபடி மேலே எடுத்தால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடையில் ஒட்டு வயர் வைக்காதீர்கள், ஒரே வயராக இழுங்கள். பிளக் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அமத்திப் பாருங்கள், பலர் வீட்டில் அது பேருக்குத்தான் இருக்கிறது.

நாவலடிக்காரி:

வெள்ளி எத்தனை நாளைக்கு எரிய வேண்டும் என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும் வைப்பது வழமை. எங்கள் வீட்டில் 25 இரவோடு கலர் வெள்ளியை அணைத்துவிடுவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் 26 காலை யாருக்கும் கலர் விளக்குப் போட மனம் வருவதில்லை. அன்றைக்கென்று வெள்ளை ரிசுவில் சின்னக் கூடு ஒன்று செய்து வைத்திருப்போம், அதை மட்டும் வாசலில் கொளுத்துவோம். 27இலிருந்து மறுபடி கலர் வெள்ளி. கல்லடியில் அக்கம்பக்கத்தையும் ஒருக்கால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லடி வாசி:

நாங்கள் இங்கே வந்து கொஞ்சக் காலம்தான், நீங்கள் சொல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது. அப்படியே செய்கிறோம். வெள்ளைக் கூட்டையும் ரீச்சர் சொன்ன அதே முறையில் பாதி அளவுக்குக் கட்டலாம் என்று நினைக்கிறேன், சீவல் ஒரு அடி போதும்தானே?

தாண்டவன்வெளி ரீச்சர்:

போதும். நடுக்குச்சியை இரண்டு அங்குலமாகக் குறைத்துவிடுங்கள், நாலு அங்குலம் போட்டால் சீவல் முறியும். எல்லாம் முடிந்ததும் ஓலை வெள்ளிகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி பிஸ்கற் ரின்னில் போட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த வருடம் கறுப்புப் புள்ளியோடுதான் எடுப்பீர்கள், தை வெயிலில் ஒருநாள் காட்டிய பிறகு மூடுங்கள். யோகட் மணி எப்படியும் கிடக்கும், அதை எலிதான் கொண்டுபோக வேண்டும்.

கல்முனைக்காரன்:

சரி ரீச்சர், தோற்றுவிட்டேன். அந்த நாலு கீற்று வெள்ளியை எங்கள் வீட்டிலும் பின்னப் பார்க்கிறார்கள், முக்கோணம் மடிக்கிற இடத்தில் நிற்கிறது. எட்டு நுனி என்றீர்கள், எங்களுக்கு மேலே நாலுதான் இருக்கிறது.

தாண்டவன்வெளி ரீச்சர்:

திருப்பிப் பாரும் தம்பி. மற்ற நாலும் பின்பக்கம்.

மருதமுனைத் தறி:

தங்கச்சி, கல்முனை பஸ்ஸில் ஏறி மருதமுனையில் இறங்கி, கைத்தறி நெய்கிற எந்த வீட்டில் கேட்டாலும் கொடுப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். பிள்ளைகளையும் கூட்டி வந்தால் தறி ஓடுவதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆவுக்குப் போய்விடுவோம், தறி நிற்கும்.

தாண்டவன்வெளி ரீச்சர்:

கல்லடிப் பிள்ளை, போகிற நாளைச் சொல்லுங்கள். நீல நூல் கிடைத்தால் எனக்கும் ஒரு பிடி.